பட்டியலில் பன்னிரண்டாவது

அந்தத் தெரு இப்போது அகலமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் பேருந்து நிற்கிறது. ஆனால் அந்த வருடம், அந்த மழை...

ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. முந்தைய ஆண்டு நிலம் அதிர்ந்ததை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் கேன், டார்ச், விசில், மூன்று நாளைக்கு மாத்திரை, பிஸ்கட்... நகராட்சி கொடுத்த பட்டியல்படி வீட்டுக்கு வீடு கதவின் பின்னால் ஒரு அவசரப் பை தொங்கியது.

அப்படியொரு மாலையில் அவள் நனைந்துகொண்டே கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தாள்.

"இன்னொரு கண்ணாடி வேணும். இதே பவர்."

மேஜை நிறைய மூக்குக்கண்ணாடிகள். நடுவில் குனிந்திருந்த கடைக்காரன் நிமிரவே இல்லை.

"நீங்களுமா? உட்காருங்க. யாரோ ஒரு புண்ணியவான் நகராட்சி லிஸ்ட்டுல பன்னிரண்டாவதா 'மாற்றுக் கண்ணாடி'ன்னு சேர்த்துவிட்டிருக்கான். பத்து நாளா எனக்கு மூச்சுவிட நேரமில்ல. அவன் மட்டும் என் கையில சிக்கினா..."

"சிக்கினா?"

"ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்தை ஊத்தி மூணு மணி நேரம் உட்கார வச்சிடுவேன்!"

"ஊத்துங்க. அது நான்தான்."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால், மழைத்துளி ஒட்டிய இமைகளோடு, கொஞ்சமும் அஞ்சாத இரண்டு கண்கள்...

அவள் நகராட்சி அலுவலகத்துத் தட்டச்சர். மேலதிகாரி எழுதித் தந்தது பதினோரு பொருள்தான். பன்னிரண்டாவதை அவளே அடித்துச் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்... கண்ணாடியைக் கழட்டுங்க, பார்த்துடலாம்."

கழற்றியதும் விளக்கு, மழை, அவன் எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோயின. ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, "இதுவா... இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்த குரல் திடீரென்று நின்றது.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"இமைல இருக்கிற துளி... இல்ல, லென்ஸைத்தான்." அவசரமாகப் பேச்சை மாற்றினான். "அது சரி, லிஸ்ட்டுல ஏன் சேர்த்தீங்க?"

அவளுக்குச் சொல்லத் தோன்றியது. ஏனென்று தெரியவில்லை.

"போன வருஷம் கண்ணாடியை விட்டுட்டு ஓடி வந்துட்டேன். ரெண்டு நாள் பள்ளிக்கூட மைதானத்துல இருந்தோம். அடிபட்ட அப்பா என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. பேசிக்கிட்டே இருந்தாரு... மூணாம் நாள் இல்ல. கடைசியா அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவன் அடுத்த லென்ஸை மெதுவாக மாட்டினான்.

கண்ணாடி மறுநாளே தயாரானது. ஓடும்போது விழாமலிருக்கக் கழுத்துக்கு ஒரு கயிறும் கட்டித் தந்திருந்தான். அதை வாங்கி வந்து பையில் வைத்த பிறகும் அவள் மூன்று முறை கடைக்குப் போனாள்.

"ஸ்க்ரூ கழண்டுடுச்சு."

"கண்ணாடிக்குத்தானே?"

"பின்ன, உங்களுக்கா? உங்களுக்கு எப்பவோ கழண்டாச்சு!"

நான்காம் முறை போனபோது அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் வந்தாங்க. சோடாபுட்டியைக் கழட்டிடுன்னு அம்மா சொல்லிடுவாங்க. ரெண்டு வெள்ளைச் சட்டை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

அவன் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தான். "நல்ல இடமா இருந்தா... சரின்னு சொல்லிடுங்க."

அவ்வளவுதானா... இவ்வளவுதானா இவன்?

"சொல்லிடுறேன்," என்று விருட்டென்று வெளியேறினாள்.

ஞாயிறன்று அவளுடைய கண்ணாடியைக் காணவில்லை. அம்மாவின் வேலை. முன்னறையில் பேச்சுக்குரல்கள். 'இன்னொரு வெள்ளைச் சட்டை' என்று நினைத்துக்கொண்டாள். மைதானத்தில் மங்கலாய்க் கிடந்த அந்த முகம்...

கதவின் பின்னால் தொங்கிய பையை இழுத்தாள். முடிச்சை அவிழ்த்த வேகத்தில் பிஸ்கட் பொட்டலங்கள் சிதறின. கழுத்துக் கயிறோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனாள்.

வந்திருந்தவர் நல்ல மனிதர். கனிவான முகம், கூச்சமான சிரிப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. இதுவும் தெளிவாகத் தெரிந்தது; இவர் இல்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது. அவரிடமே பக்குவமாகச் சொல்லிவிட்டாள்.

அவர்கள் போனதும் அம்மா வெடித்தாள். "அவசரத்துக்குன்னு வச்சதை ஏண்டி எடுத்த? இப்ப என்ன, பூமியா ஆடிச்சு?"

"எனக்கு ஆடிச்சும்மா. நீ அப்பா முகத்தைக் கடைசி வரைக்கும் பார்த்துட்டே இருந்த. எனக்கு அது கிடைக்கல. கூட வாழப்போற முகத்தையாவது நான் பார்க்க வேணாமா?"

அம்மா சமையலறைக்குப் போனாள். பிறகு அரிசி டின்னுக்குள்ளிருந்து பழைய கண்ணாடியை எடுத்து, ஊதித் துடைத்து அவள் கையில் வைத்தாள்.

"சரி... நீ பார்க்கணும்னு நினைக்கிற மொகம் யாரோடது?"

மறுநாள் மாலை கடையில் வேறு யாருமில்லை.

"நல்ல இடமா?" என்றான், நிமிராமலே.

"ரொம்ப நல்ல இடம்."

"ஓ..."

"வேணாம்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த ஃப்ரேம் மேஜையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாரும் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் என் முன்னாடி உட்காருவாங்க. எனக்கு அவங்க தெரிவாங்க, அவங்களுக்கு நான் தெரிய மாட்டேன். அன்னைக்கு நீங்க உட்கார்ந்திருந்தப்பவே சொல்லிடலாம்னு இருந்துச்சு. ஆனா நீங்க என்னைப் பார்க்க முடியாத நேரத்துல சொல்றது நியாயமில்லன்னு விட்டுட்டேன். அப்புறம் மாப்பிள்ளைன்னு சொன்னீங்களா... பயந்துட்டேன்."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அவன் புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. வலது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

"இப்ப நல்லாத் தெரியுது," என்றாள். "சொல்லுங்க."

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க... ரொம்ப."

அவள் கண்ணிமைக்கவில்லை.

"எனக்கும்..."