அணைந்த பிறகு

கம்ப்யூட்டர் விளையாட்டின் நடுவில் அணைந்துபோனது கனகராஜுக்குப் பெரிதாகப் படவில்லை. பழசு, அணையத்தான் செய்யும். அணைந்ததைப் பற்றி மகன் ஒரு வார்த்தைகூடக் கேட்காததுதான் உறுத்தியது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் கனகராஜுக்கு வேலை. சேலைகளை விரித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றதும் மடித்து வைக்க வேண்டும். அந்த மாம்பழக் கலரை எடுங்க என்பவர்களுக்கு எடுப்பவனின் பெயர் தேவைப்படுவதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று மாலை, மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பாலத்தையும் அதனடியில் ஓடும் கால்வாயையும் ஒட்டிய மாடியறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் இருக்கும் மகனோடு விளையாடுவான். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. திரையில் ஆளுக்கொரு பொம்மை; பேசிக்கொண்டே கட்டலாம். அதற்காகத்தான் ராயப்பேட்டையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினான்.

அஸ்வத் நான்காம் வகுப்பு. அவன் அம்மா சந்திரிகாவுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பள்ளிவிட்டு வந்தால் அவள் திரும்பும்வரை பையன் தனியாக இருப்பான். கையில் போன் கிடையாது, பழைய லேப்டாப் மட்டும்தான். அம்மா, அப்பா தவிர யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்தது கனகராஜ்தான்.

அவர்கள் புது வீட்டுக்கு மாறிய பிறகு கனகராஜ் ஊருக்குப் போகவில்லை. அதனால் அஸ்வத் அந்த வீட்டையே விளையாட்டில் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். முன்னறை, அடுக்களை, கிணற்றடிக்குப் போகும் நடை.

"எப்பா, எப்ப வருவிய?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

"தீபாவளி யாவாரம் முடியட்டும்ல. வந்துருதேன்."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பிறகு கட்டைகள் விழும் டொக் டொக் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குச் சற்றுப் பின்னால்தான் எப்போதும் கம்ப்யூட்டர் அணையும்.

திரை கருத்து, பெட்டிக்குள் விசிறி மூச்சு வாங்குவதுபோல் இழுத்து ஓய்ந்ததும், அதுவரை அது மூடிவைத்திருந்தவை ஒவ்வொன்றாக அறைக்குள் வரும்: கீழ்வீட்டுக் குக்கர், சுவரில் எங்கோ பல்லி, பாலத்தின்மேல் ரயில் போகும்போது நடுங்கும் ஜன்னல் கம்பி, எல்லாவற்றுக்கும் அடியில் கால்வாயின் அழுகிய வாடை. ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். மறுபடி போட்டால் அது உயிர் பெற வெகுநேரம் எடுக்கும். அதற்குள் அஸ்வத் போயிருப்பான். ராத்திரி சந்திரிகாவுக்குப் போன் செய்தால், "சாப்பிட்டான், தூங்குதான்" என்பாள்.

ஒரு வாரம் கனகராஜே கேட்டான்.

"போன வாரம் நடுவுல போயிட்டேன்லா, என்னல செஞ்ச?"

"எங்க போனிய?" என்றான் அஸ்வத்.

விளையாட்டில் மூழ்கிய பிள்ளை, கவனித்திருக்க மாட்டான் என்று கனகராஜ் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு சுகமாக இல்லை. தான் இருப்பதும் இல்லாததும் அங்கே ஒன்றுதானா?

பெட்டியை ஆட்டோவில் வைத்து ராயப்பேட்டைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் குலாம் முகம்மது மூடியைத் திறந்து ஊதினார். சாம்பல் நிறத் தூசி பறந்தது.

"இன்னா நைனா, உள்ள பஞ்சு மெத்தையே கீது. சூடு ஏறி ஆஃப் ஆவுது, அவ்ளோதான்."

சுத்தம் செய்து, விசிறி மாற்றி, கடையிலேயே ஓடவிட்டார். நன்றாக ஓடியது. அடுத்த செவ்வாய் அணைந்தது. கரண்ட் கொடுக்கும் பாகத்தை மாற்றினார். அதற்கடுத்த செவ்வாயும் அணைந்தது.

அன்று அணைவதற்கு முன் அஸ்வத் சொன்னான்: "எப்பா, தாப்பா எந்தப் பக்கம்னு கேட்டியள்லா. வச்சிட்டேன், பாருங்க."

திரையில், முன்னறைக் கதவில், வலதுபக்கம் உச்சியில் ஒரு கட்டை ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கட்டை.

"இது என்னல?"

"ஸ்டூலு. தாப்பா எனக்கு எட்டாதுலா. நீங்கதான ஸ்டூலைப் பக்கத்துலயே போட்டு வைன்னு சொன்னிய."

"நானா? எப்ப?"

"போங்கப்பா" என்று சிரித்தான். "எப்ப வருவிய?"

"தீபாவளி முடியட்டும்ல."

டொக். டொக். திரை கருத்தது.

இருட்டில் உட்கார்ந்து யோசித்தான். தாழ்ப்பாளைப் பற்றி எப்போது கேட்டோம்? கேட்டிருக்கலாம். வாரம் முழுக்க நின்ற காலில் நிற்பவன் பேசுவதெல்லாம் நினைவிலா நிற்கிறது? இந்த மாதம் கடையில் கூட்டம் வேறு. அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தான். முடிவு செய்த பிறகும் எழுந்து போய்த் தன் அறைக்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

மூன்றாவது முறை குலாம் முகம்மது மூடியைத் திறக்கவில்லை. திரையில் எதையோ தேடினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"நைனா, சூடும் இல்ல, கரண்டும் இல்ல. ஒவ்வொரு தபா ஆஃப் ஆவும்போதும் எதுனால ஆச்சுன்னு இது தானே குறிச்சி வெச்சிக்கும். இங்க பாரு. முன்னாடி கீற சுச்ச யாரோ நல்லா அமுக்கிப் புட்சிகினு இருந்திருக்காங்கோ. அப்டிப் புட்ச்சா ஆஃப் ஆயிடும்."

"யாரு?"

"என்னியக் கேட்டா? உன் ரூம்ல யாரு கீறாங்கோ?"

"யாரும் இல்ல பாய். நான் மட்டுந்தான்."

"அப்போ உன் கால் கட்டவெரலுதான். மேசைக்குக் கீயதான வெச்சிகினு கீற? வெளாட்டு மும்முரத்துல தெரியாது." கனகராஜின் முகத்தைப் பார்த்தார். "இன்னா, பேய்னு நெனச்சிகினியா? மைலாப்பூர்ல கீற வாடகைக்குப் பேய் தங்குமாய்யா? அது இந்நேரம் செங்கல்பட்டுக்குப் போயிருக்கும்."

கனகராஜ் சிரித்தான். சிரிப்பு அந்தச் சின்னக் கடையில் அவனுக்கே சத்தமாகக் கேட்டது.

குலாம் முகம்மது பெட்டிக்குள் கைவிட்டு மெல்லிய வயர் ஒன்றைப் பிடுங்கினார்.

"இனிமே இந்த சுச்சு சும்மா. எவன் அமுக்கினாலும் ஒண்ணியும் ஆவாது. ஆன் பண்ணணும்னா உள்ள இந்த ரெண்டு கம்பிய டெஸ்டரால ஒரு தொடு தொடு. ஆஃப் பண்ண மௌஸ் கீது."

தீபாவளிக்கு முந்தைய செவ்வாய். மத்தியானத்திலிருந்து மழை. ஜன்னலைச் சாத்தியும் கால்வாய் வாடை உள்ளேயே இருந்தது. டெஸ்டரால் தொட்டான். விசிறி எழுந்தது. மேசைக்கு அடியில் பெட்டியின் சுவிட்சுப் பொத்தானைச் சுற்றி நீல வளையம் எரிந்தது. கனகராஜ் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடித்து, சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

அஸ்வத் ஏற்கெனவே அங்கே இருந்தான். குரலில் துள்ளல். வீட்டுக்கு வாசல்படி வைத்தான், தெரு போட்டான், தெருவிளக்கு நட்டான். கனகராஜ் அவன் சொன்ன இடத்தில் சொன்ன கட்டையை வைத்தான். பாலத்தின்மேல் ரயில் ஒன்று மழையை உதறிக்கொண்டு போனது. வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தான். இந்தமுறை வேறு பதில் வைத்திருந்தான். மேலாளரிடம் கெஞ்சி, தீபாவளிக்கு மறுநாள் விடுப்பு வாங்கியிருந்தான். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

கேள்வி வரவில்லை.

"என்னல, இன்னைக்குக் கேக்கவே இல்ல?"

"என்னதுப்பா?"

"எப்ப வருவேன்னு."

அஸ்வத் சிரித்தான். "அதான் போன வாரம் சொல்லிட்டியள்லா."

"என்ன சொன்னேன்?"

"இன்னைக்கு வாரேன்னு."

கனகராஜின் கை மௌஸின்மேல் நின்றது.

"போன வாரம் நான் பாதியிலேயே போயிட்டேன்லா."

"இல்லையே. அம்மா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான இருந்திய. எப்பவும் அப்படித்தான."

டிக்.

சத்தம் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அவன் கால்கள் நாற்காலிமேல் இருந்தன.

மெதுவாகக் குனிந்து பார்த்தான். நீல வளையத்தின் நடுவில் பொத்தான் உள்ளே போயிருந்தது. அதன்மேல் எதுவும் இல்லை. ஒரு தடவை வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. அப்படியே நின்றது.

திரை கருக்கவில்லை.

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

பிறகு பொத்தான் வெளியே வந்தது. அழுத்திப் பிடித்திருந்தது எதுவோ, விட்டுவிட்டது. அறையில் எந்த வாடையும் இல்லை. கால்வாய் வாடைகூட இல்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த அறையில் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஹெட்போனில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அஸ்வத்து."

வெளியிலிருந்து வரும் குரல். கதவுக்கு அந்தப்பக்கம், சற்று மங்கலாக. ஊரைவிட்டு வராத, கடையில் நின்று களைக்காத குரல். அவனுடைய குரல்.

"அப்பா வந்துட்டேம்ல. கதவத் தெற."

"எப்பா!"

"அஸ்வத், தெறக்காத! அது நான் இல்ல! தெறக்காதல!"

திரையில் அஸ்வத்தின் பொம்மை அசையாமல் நின்றது. கனகராஜின் பொம்மை தலையைத் திருப்பி, திரைக்கு வெளியே இருந்த அவனைப் பார்த்தது. அவன் கீபோர்டைத் தொடவே இல்லை.

"இருங்கப்பா, வாரேன்."

காலடிகள். ஓடும் காலடிகள்.

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கீழ்வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பாளையங்கோட்டையில் யாருக்கும் கேட்கவில்லை.

மௌஸ் நகரவில்லை. மேசைக்கு அடியில் விழுந்து பொத்தானை அழுத்தினான். அழுத்திப் பிடித்தான். நீல வளையம் எரிந்துகொண்டே இருந்தது. சும்மா. எவன் அமுக்கினாலும்.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது. விசிறி நின்றது. வளையம் செத்தது.

போனை எடுத்தான். சந்திரிகாவுக்கு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டூட்டியில் போன் அவள் பையில் கிடக்கும்.

ஒரு காதில் மணி. இன்னொரு காதில் ஹெட்போன். அதன் வயர் செத்த பெட்டிக்குப் போனது. பிளக் அவன் கையில் இருந்தது.

ஸ்டூல் இழுபடும் சத்தம். அது கதவுக்குக் கிட்டத்தில்தான் இருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

தாழ்ப்பாள்.

கீல்.

"எப்பா..."

குனிந்து ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் ஆள் விடும் மூச்சு. பையனின் சிரிப்பு. கதவு சாத்தும் ஓசை.

தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது. உள்பக்கமாக.