இறக்கி வைக்க ஒரு கல்

பண்டாரவளை வரைக்கும் ரயில் வந்த புதிதில், எங்கள் கருக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு விருந்தாளிகள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். ரயிலை விட்டு இறங்கி, குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்வார்கள். அவர்களுக்குக் காட்டி மகிழ எங்கள் துரையிடம் ஒரு குளம் இருந்தது. குளத்தின் நடுவில் சின்னதாக ஒரு தீவு. வெயில் தாழ்ந்ததும் படகில் ஏறித் தீவுக்குப் போவார்கள். அப்புத்தளை மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி குடிப்பார்கள், சிரிப்பார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

அழகான குளம்தான். யார் இல்லை என்றது? ஆனால் அது மழை பெய்து தானாக நிரம்பிய குளம் இல்லை. ஓடையை மறித்துக் கல்லணை கட்டியவர்கள் நாங்கள். கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு எங்கள் தலையில் கல்லை ஏற்றினார்கள். என் அக்கா இராக்கம்மாவுக்கு அப்போது நிறைமாதம், லயத்து வரிசை வீட்டில் படுத்திருக்க வேண்டியவள்.

"லயத்துல படுத்துக்கிட்டா அரிசி எங்கேருந்து வரும்?" என்றார் தம்பையா கங்காணி. ஊரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர். எங்களைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவரும், வேலை வாங்கியவரும் அவரே. வெள்ளைக்காரனுக்கு எங்கள் வயிறு தெரியாது. இவருக்குத் தெரியாதா? எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அக்கா கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அணை மேட்டில் நின்றுவிட்டாள். வலி வந்துவிட்டது. "எறக்கி விடுங்க, யாராச்சும் எறக்கி விடுங்க" என்று கேட்டாள். தலைச்சுமையைத் தனியாக இறக்க முடியாது, இன்னொரு கை வேண்டும். என் தலையிலும் கல் இருந்தது. மற்றவர்கள் தலையிலும் இருந்தது. கை சும்மா இருந்தவர் கங்காணி ஒருவர்தான். "நடடி" என்றார்.

கல்லோடு விழுந்தாள். பிள்ளையும் உள்ளேயே போயிற்று.

வயிற்றில் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது எங்கள் வழக்கம். ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைப்பார்கள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். ஒவ்வொருவர் இறக்கும்போதும் செத்தவளின் வயிற்றுப் பாரம் கொஞ்சம் குறையும் என்பார்கள். அக்காவின் புருஷன் முருகையா மச்சான் தன் கையாலேயே கல் கொத்தி, அவளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் பாதையோரமாக நட்டார். விறகுக்காரப் பெண்கள் கட்டுகளை இறக்கினார்கள். எனக்கும் மனது கொஞ்சம் ஆறியது.

அடுத்த மழைக்கு முன்பு அணையை இன்னும் உயர்த்தினார்கள். பாதை முங்கியது. அக்காவின் குழி முங்கியது. சுமைதாங்கியின் கால்கள் இரண்டும் முங்கின. பலகைக் கல் மட்டும் முங்கவில்லை. தீவில் குப்பி, கிளாஸ் வைக்க மேசை வேண்டும் என்று துரை கேட்டாராம். "நல்ல கல்லு ஒண்ணு இருக்குங்க தொரை" என்று கங்காணி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

படகு வலிக்கும் வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? முருகையா மச்சானுக்கு.

அதற்குள் நான் பங்களாவில் துரையின் மனைவி துரைசாணிக்கு ஆயாவாகியிருந்தேன். ஒரு நாள் தொழுவத்துப் பக்கம் மச்சான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"போகும்போது படகு லேசாத்தான் இருக்கு, ரெங்கம்மா. திரும்பி வரும்போது கனக்குது."

"குடிச்ச கனமா இருக்கும், மச்சான்."

"இல்ல புள்ள. எனக்குத் தெரிஞ்ச கனம்."

அது யாருடைய கனம் என்று எனக்குப் புரிந்தது. நான் கங்காணியிடம் போய்க் கெஞ்சினேன். துரையிடம் சொல்லிக் கல்லை வாங்கித் தாருங்கள், வேறு பாதையில் நட்டுக்கொள்கிறோம், அக்காவின் பாரம் இறங்கட்டும் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செத்தவளுக்கு என்னாடி பாரம்? பொழைக்கிற வழியப் பாரு" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், துரையிடம் நானே கேட்பது என்று.

பதுளையிலிருந்து ஒரு துரை வந்திருந்த சாயங்காலம் அது. எங்கள் துரை, துரைசாணி, வந்த துரை, குப்பிப் பெட்டியோடு கங்காணி, சால்வையும் குடையுமாக நான். துடுப்பில் மச்சான். தண்ணீர் தகடாகக் கிடந்தது. மானாப்புல் அழுகிய வாடை கரையோரம் வந்து, நடுக்குளத்தில் நின்றுபோனது. தவளைகூடக் கத்தவில்லை. துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

தீவில் இறங்கினோம். அக்காவின் கல் தரையோடு தரையாகக் கிடந்தது. சுற்றிலும் புல் வளர்ந்திருந்தது, கல்லை ஒட்டி மட்டும் ஒரு புல் இல்லை. கங்காணி அதன் மேல் துணி விரித்துக் குப்பிகளை அடுக்கினார். நான் துரை முன்னால் போய் நின்றேன்.

"தொரைகளே," என்றேன். "அந்தக் கல்லு எங்க அக்கா கல்லுங்க. வயித்துல புள்ளையோட செத்தவளுக்கு நட்ட கல்லுங்க. அத எங்களுக்கே குடுத்துருங்க."

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே புரியும். கிளாஸைக் கீழே வைத்தார்.

"கங்காணி, இவ சொல்றது நெசமா?"

"பொய்ங்க தொரை. ஓடையில கெடந்த கல்லு. இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் மூளை கொழப்பம்."

"அப்படியா? செத்தவ கல்லு இல்லைன்னா நீ அதுல உக்காரு பாக்கலாம்."

வந்த துரை சிரித்தார். கங்காணி என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே குப்பிகளை ஒதுக்கினார். தலைப்பாகையைச் சரி செய்தார்.

உட்கார்ந்தார்.

சூரியன் அந்த நேரம்தான் மலைக்குப் பின்னால் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. துரை தோளைக் குலுக்கிவிட்டு, புறப்படலாம் என்று கை காட்டினார். கங்காணி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சு வாங்கி எழுந்தார். ஒரு கை இடுப்பின் பின்னால் போயிற்று. காலை அகட்டி அகட்டி நடந்தார்.

அக்காவின் நிறைமாதத்தில் அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன்.

படகில் அவர் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் தாழ்ந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். துடுப்பைப் போட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. துரைசாணியின் பாவாடை நனைந்தது. துரை அந்தப் பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். குப்பிகள் போயின, குடை போயிற்று. படகு ஒரு விரற்கடைகூட உயரவில்லை.

அப்போது அந்த வாடை வந்தது. மஞ்சளும் பெருங்காயமும் ரத்தமும் கலந்த, பிள்ளை பெற்ற வீட்டு வாடை. நடுக்குளத்தில்.

கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர் வாய் அசைந்தது.

"எறக்கி விடுங்க."

அது அவர் குரல் இல்லை.

"யாராச்சும் எறக்கி விடுங்களேன்."

மச்சானின் கை துடுப்போடு நின்றுபோனது. அவர் அழவில்லை, கும்பிடவும் இல்லை. துடுப்பு இரண்டையும் எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"போடு, போடு!" என்று துரை கத்தினார். பிரம்பை ஓங்கினார்.

"அடிங்க," என்றார் மச்சான். "அந்தக் கல்லு கரைக்கு வராம நான் துடுப்புப் போட மாட்டேன். எல்லாரும் சேந்து முங்கலாம். எம் பொஞ்சாதி ரொம்ப நாளா தனியாத்தான் கெடக்கா."

மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முங்கினால் முங்கட்டும் என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன். துரைசாணி துரையின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் அழுதாள். தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. பிரம்பு மெல்லக் கீழே இறங்கியது.

"திருப்பு," என்றார் துரை.

படகு தீவுக்குத் திரும்பியது. இருட்டிக்கொண்டு வந்தது. கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும். கங்காணி கரையில் கால் வைத்ததும் சுருண்டுவிட்டார், அவரால் எதையும் தூக்க முடியாது. ஒரு முனையில் மச்சானும் நானும். மறுமுனையில் இரண்டு துரைமாரும். கோட்டுப் போட்ட இரண்டு பேர் முதுகு வளைந்து, முகம் சிவந்து, எங்கள் கல்லைச் சுமந்து வந்தார்கள். இப்படி ஒரு காட்சியை எங்கள் லயத்தில் யாரும் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் குறைதான்.

கல்லைப் படகில் இறக்கினோம். அவ்வளவு பெரிய கல். படகு முங்கும் என்று துரைசாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

படகு உயர்ந்தது.

விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வந்த துரை நடுங்க ஆரம்பித்தார்.

"கங்காணி, ஏறு," என்றார் எங்கள் துரை.

கங்காணி கல்லைப் பார்த்தார். கல்லுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவருக்கு மட்டும் என்ன தெரிந்ததோ, பின்னால் நகர்ந்தார்.

"நான் வரல. அவ ஒக்காந்திருக்கா. நான் வரல."

கெஞ்சிக்கொண்டிருக்கத் துரைக்கு மனமில்லை. இன்னொரு நடை வந்து கூட்டிப் போகலாம் என்று விட்டுவிட்டுப் புறப்பட்டோம். மச்சான் துடுப்பைப் போட்ட விதத்தில் கனமே தெரியவில்லை. கல்லை லயத்துப் பாதையோரம் இறக்கிவிட்டு, லாந்தரும் இரண்டு ஆட்களுமாக அவர் உடனே திரும்பிப் போனார். அந்த நல்ல புத்தி அவருக்கு மட்டும்தான் வரும். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

கல் கிடந்த பள்ளத்தில் கங்காணி ஒருக்களித்துக் கிடந்தாராம். உயிர் இல்லை. இரண்டு கையும் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தன. வயிறு தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று ஆம்பிளைகள் சேர்ந்தும் அவரைத் தூக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பள்ளத்திலேயே மண் தள்ளினார்கள். துரை ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே துரைசாணியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புதுத் துரை வந்தார். படகு கரையில் கிடந்து உளுத்துப்போனது.

மச்சான் புதிதாக இரண்டு கால் கொத்தினார். லயத்துக்குப் போகும் மேட்டில், எல்லோரும் சுமையோடு ஏறும் இடத்தில், பலகைக் கல்லை மறுபடியும் ஏற்றி வைத்தோம். சூடம் கொளுத்தினோம். நான்தான் முதலில் என் விறகுக் கட்டை இறக்கி வைத்தேன். "எறக்கி வச்சிரு அக்கா," என்றேன். "போதும், எறக்கி வச்சிரு."

சாயங்காலம். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் நின்றுவிட்டோம். கல்லின் மேலிருந்து யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அத்தனை நாள் என் நெஞ்சில் இருந்ததும் அதோடு இறங்கியது. மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அக்கா இறக்கி வைத்துவிட்டாள்.

எதை இறக்கி வைத்தாள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பெண்கள் கலையத் தொடங்கினார்கள். அப்போது கல்லின் மேல், வெறும் கல்லின் மேல், ஒரு சத்தம் கேட்டது. முதலில் செருமல். பிறகு வீறிட்டு ஒரு அழுகை. பசி அழுகை இல்லை. பயந்த அழுகையும் இல்லை. பிறக்க விடாதவர்கள் மேல் ஆத்திரப்பட்டு அழுகிற அழுகை.

மச்சான் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். இரண்டு கையையும் கல்லின் பக்கம் நீட்டினார். எங்கே தொடுவது, எப்படித் தூக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் பிள்ளை பெற்றவளும் இல்லை. என்னவோ ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். என் மாராப்பு பாலில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.