வெள்ளி பூசிய கால்

தம்பியின் காலிலிருந்து வந்த நாற்றம் அன்று காலை அடியோடு நின்றிருந்தது. இரண்டு மாதமாகத் திரைச்சீலையிலும் தலையணையிலும் அவள் தலைமுடியிலும்கூட ஒட்டிக்கிடந்த அந்த அழுகல் வாடை போனதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரே இரவில் அது எப்படி நின்றது என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

பைக்கிலிருந்து விழுந்த காயம். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் துளைத்துக் கொல்லும் நானோ வெள்ளித் துகள்கள் இருந்தன. எலியைத் தாண்டி யார்மேலும் பூசிப் பார்க்காதவை. ஒரு குப்பியைக் கைப்பையில் மறைத்து எடுத்துவந்து நான்கு நாளாக அவளே பூசினாள்.

ஆய்வுக்கூடத்தில், காயத்திலிருந்து எடுத்து வளர்த்த கிருமித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நடுவில் வைத்த வெள்ளித் துளியைச் சுற்றிக் கிருமிகள் செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்க வேண்டும். வட்டம் இல்லை. ஓரங்கள்தான் காலி. எல்லாம் துளியை மொய்த்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில், பளபளவென்று தடித்திருந்தன.

சாகவில்லை. வெள்ளியைத் தின்றிருக்கின்றன.

விடுப்புகூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

"வலியே இல்லக்கா. அந்த டாக்டர ரம்பத்த எடுத்து உள்ள வைக்கச் சொல்லு."

கட்டை அவிழ்த்தாள். துணி காய்ந்திருந்தது. சீழ் இல்லை. ரத்தம் இல்லை. காயமே இல்லை. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரே வழவழப்பு. சாம்பல் நிறம். சில்லென்றிருந்தது.

"நான் தொடுறது தெரியுதா?"

"எங்க?"

அழுத்தினாள். நகம் வழுக்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்தாள்.

"இரு, இதக் கேளு" என்று அவன் கையிலிருந்த ஸ்பூனால் காலைத் தட்டினான்.

கணீரென்றது.

சிரித்தான். தொடையில் தட்டினான். கணீர்.

வேண்டாம் என்று ஸ்பூனைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

சட்டையைத் தூக்கினான். நெஞ்சில் தட்டினான்.

கணீர்.

சிரித்தபடியே இருந்தான். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கவில்லை. கண் இமைக்கவில்லை. மூச்சு ஏறி இறங்கவில்லை.

கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.