சட்டைக் கையைச் சுருட்டிய வானதூதர்

ஐந்தாம் வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் அவள் 'வெண்கலம்'தான். அப்படி ஒரு குரல்! பள்ளி வாசலில் நின்று அவள் தம்பியைக் கூப்பிட்டால், மாடி வகுப்பில் கணக்குப் போடுகிற பெரிய பிள்ளைகள்கூடத் திடுக்கிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள்.

ஈஸ்டர் நாடகத்துக்கு ஆள் தேடியபோது நாடக ஆசிரியர் யோசிக்கவே இல்லை.

"வானதூதர் நீதான்! காலியான கல்லறை முன்னாடி நின்னு, 'இயேசு உயிர்த்துவிட்டார்'னு சொல்லணும். கூரை பிச்சுக்கணும், என்ன?"

"பிச்சுடலாம் சார்!" என்றாள் வெண்கலம். அதைக் கேட்டே அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

இந்த ஆண்டு நாடகத்தைப் பார்க்கக் கடலுக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். அங்கே இவர்களுடையதைப் போலவே ஒரு கத்தோலிக்கப் பள்ளி. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இதுவரை ஓவியங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டர் அன்றுதான் திரை வழியாக ஒன்றாகக் கொண்டாடப் போகிறார்கள். வகுப்பாசிரியை சிஸ்டர் அந்த நாட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வசனங்களை அவர்தான் அங்கே உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்வார்.

ஒரு நாள் காலை, கணினி அறையில் ஒத்திகை நடந்தது. திரையில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெண்கலம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழங்கினாள்:

"இயேசு உயிர்த்துவிட்டார்!"

அங்கே இரண்டு பேர் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த இரட்டைச் சடைச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கைகளை அசைத்து ஏதோ சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

"சிஸ்டர், அவ ஏன் லேட்டா சிரிச்சா?"

"அவளுக்குக் காது கேட்காதும்மா. டீச்சர் கையால சொல்லித்தான் புரிஞ்சுக்குவா. நாடகத்தன்னிக்கும் டீச்சர் பக்கத்துலயே இருப்பாங்க, கவலைப்படாதே."

வெண்கலத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூரையைப் பிய்க்கிற குரல் அவளிடம் இருந்தது. ஆனால் முன் வரிசையில் இருந்த ஒருத்தியை அது எட்டவில்லை. உலகத்திலேயே பெரிய செய்தி, அவளுக்கு மட்டும் ஏன் கடைசியாகப் போய்ச் சேர வேண்டும்?

மாலையில் சிஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், நானே அவளுக்குக் கையால சொல்றேன். அவகிட்டயே கத்துக்கிறேன்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ? வாயைத் திறக்காமலா?"

"முயற்சி பண்றேன் சிஸ்டர்."

அங்கே மாலை நேரமாக இருக்கும்போது இங்கே காலை. அதனால் தினமும் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே வெண்கலம் கணினி அறைக்கு ஓடி வந்துவிடுவாள். இரட்டைச் சடை திரையில் காத்திருப்பாள்.

முதல் நாள், இரட்டைச் சடை நடுவிரலால் ஓர் உள்ளங்கையைத் தொட்டாள். பிறகு மற்ற உள்ளங்கையைத் தொட்டாள்.

வெண்கலம் முழித்தாள். இரட்டைச் சடை திரும்பவும் பொறுமையாகச் செய்து காட்டினாள். திடீரென்று வெண்கலத்துக்கு விளங்கியது.

"ஆணி! ஆணி அடிச்ச இடம்! இயேசு!"

ஒரு பெயருக்குள் ஒரு கதையே இருக்கிறதே! அவள் வாயைப் பிளந்துகொண்டு தன் உள்ளங்கைகளையே பார்த்தாள்.

அடுத்தது 'உயிர்த்தார்'. இரட்டைச் சடை இடது கையை விரித்து, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களைப் படுக்க வைத்தாள். பிறகு அந்த விரல்கள் ஒரு மனிதரின் கால்களைப் போல எழுந்து நேராக நின்றன. அவள் முகமும் அதோடு சேர்ந்து விடிந்தது. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது.

வெண்கலம் செய்தபோது விரல்கள் எழுந்தன, தள்ளாடின, தொப்பென்று விழுந்தன. இரட்டைச் சடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெண்கலமும் சிரித்தாள். இந்த முறை யாருடைய சிரிப்பும் பிந்தவில்லை.

வீட்டிலும் பயிற்சி ஓயவில்லை. சாப்பிடும்போது உள்ளங்கையில் விரலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"அம்மா, அக்காவுக்கு இன்னும் ரெண்டு முட்டை வேணுமாம்," என்றான் தம்பி.

நாடக ஆசிரியர்தான் ஒத்துக்கொள்ள மறுத்தார். "உன் குரலுக்காகத்தானே உன்னைப் போட்டேன்! அரங்கமே காத்துக்கிட்டு இருக்கும். நீ பாட்டுக்கு ஊமையா நின்னா?"

"முதல்ல கையால சொல்றேன் சார். அப்புறம் குரலால சொல்றேன். அவளும் மத்தவங்களோட சேர்ந்தே கேக்கட்டுமே சார்."

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "சரி. ஆனா சொதப்பிடாதே!"

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் அரங்கத்தை நிறைத்தார்கள். மேடையில் அட்டையால் செய்த கல்லறை, அதன் பக்கத்தில் பெரிய திரை. அங்கே இன்னும் சனிக்கிழமை இரவு, உயிர்ப்புத் திருவிழிப்பு முடிந்த நேரம். திரையில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள், முன் வரிசையில் இரட்டைச் சடை.

கல்லறைக் கல் உருண்டது. வெள்ளை அங்கியில் வெண்கலம் முன்னால் வந்தாள். நடுவிரலால் உள்ளங்கையைத் தொட்டாள்.

இரட்டைச் சடை கண்களைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை! வானதூதர் அங்கியின் கை அவ்வளவு நீளம். தொளதொளவென்று தொங்கி விரல்நுனி வரை மூடியிருந்தது.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. "வசனம் மறந்துடுச்சு போல," என்று யாரோ சொன்னார்கள். மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் நாடக ஆசிரியர், "குரல்! குரல்!" என்று துடித்தார்.

கத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் கேட்டுவிடும்.

அவள் கத்தவில்லை. வலது கைத் துணியைச் சரசரவென்று தோள்வரை சுருட்டினாள். இடது கையையும் சுருட்டினாள். பாத்திரம் தேய்க்கக் கிளம்பியவளைப் போல நின்ற வானதூதரைப் பார்த்து அரங்கமே சிரித்தது.

பிறகு சிரிப்பு அடங்கியது. அவள் கைகள் மெல்ல அசைந்தன. ஓர் உள்ளங்கை, மறு உள்ளங்கை. படுத்திருந்த இரண்டு விரல்கள் எழுந்தன. ஆடாமல், அசையாமல், நிமிர்ந்து நின்றன.

திரையில் இரட்டைச் சடை துள்ளி எழுந்தாள். அவள் கைகளும் பேசின. எழுந்த விரல்களைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினாள்.

"'ஆமாம், உண்மையாகவே உயிர்த்தார்'னு சொல்றா," என்றார், அங்கிருந்த டீச்சர் சொன்னதைக் கேட்ட சிஸ்டர்.

அப்போதுதான் வெண்கலம் மூச்சை இழுத்தாள். "இயேசு உயிர்த்துவிட்டார்!" என்ற முழக்கத்தில் அட்டைக் கல்லறையே ஒரு முறை ஆடியது. முன் வரிசைப் பொடிசுகளில் தொடங்கி, பங்குத்தந்தை வரை எல்லோரும் உள்ளங்கையில் விரல்களை நிறுத்திப் பார்த்தார்கள். பங்குத்தந்தையின் விரல்கள் மட்டும் இரண்டு தடவை விழுந்தன.

கூட்டம் கலைந்த பிறகும் இரட்டைச் சடை திரையை விட்டுப் போகவில்லை. வெண்கலத்தைப் பார்த்து, இதுவரை சொல்லித் தராத ஏதோ ஒன்றைக் கையால் கேட்டாள். அங்கிருந்த டீச்சர் சிரித்துக்கொண்டே அதைச் சிஸ்டருக்குச் சொன்னார்.

"அடுத்து உனக்கு என்ன சொல்லித் தரணும்னு கேக்குறா," என்றார் சிஸ்டர்.

பதிலுக்கு எந்தச் சைகை என்று வெண்கலத்துக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு கைகளையும், எவ்வளவு தூரம் விரிக்க முடியுமோ அவ்வளவு தூரம் விரித்துக் காட்டினாள்.