எட்டாத முடிச்சு

அகராதி அலுவலகத்தில் பணிபுரியும் அம்மா, தினமும் ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவருவார். நேற்று வந்தது ‘அன்ஆர்ம்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்.

“ஆயுதத்தைப் பிடுங்குறதா?” என்று கேட்டாள் மகள்.

“அப்படியும் சொல்லலாம். லத்தீன்ல ‘ஆர்மா’ன்னா ஆயுதம், கவசம் எல்லாம் சேர்ந்தது. ஆங்கிலத்துல முன்னாடி ‘அன்’ சேர்த்தா, கட்டினதைத் திரும்ப அவிழ்க்கிறது. போர் முடிஞ்சு வந்தவனுக்குக் கவசத்தோட வார் சிலது கைக்கு எட்டாது. இன்னொருத்தர்தான் அவிழ்த்து விடணும். அதுக்கும் இதே சொல்தான்.”

இன்று அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அதற்குமுன் பிள்ளைகள் ஒருமுறை அவரைப் பார்க்கலாம் என்றார் நர்ஸ். ஆனால் ‘தளபதி’ என்று வீட்டார் கூப்பிடும் தம்பி, அட்டைக் கவசமும் மர ஸ்கேலுமாக ஆஸ்பத்திரி அறையின் வாசலை மறித்து நின்றான்.

“வாளோட உள்ள போகக்கூடாது, கண்ணு,” என்றார் நர்ஸ்.

“அப்பா வயித்தைக் கிழிப்பாங்கன்னு சித்தப்பா சொன்னாரு. நான் காவல் இருப்பேன்.”

“என் வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்,” என்று முனகியபடி, பக்கத்தில் நின்ற சித்தப்பா ஸ்கேலைப் பிடுங்கப் போனார். தளபதி வீசிய வீச்சில் அவருடைய கண்ணாடி தரையில் விழுந்தது.

“சீக்கிரம். டாக்டர் கூப்பிட்டுட்டாங்க,” என்றார் நர்ஸ்.

அக்கா தம்பியின் அருகே மண்டியிட்டாள். ஸ்கேலை அவள் பார்க்கவே இல்லை.

“தோள் வலிக்குதா, தளபதி?”

“ம்.”

“காலைல நான்தான் இறுக்கிக் கட்டிட்டேன். திரும்பு, அவிழ்த்து விடறேன்.”

அவன் மெல்லத் திரும்பினான். கயிறு அழுத்திய இடம் சிவந்திருந்தது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, அந்த இடத்தில் ஊதிவிட்டாள். கவசத்திலிருந்து கையை உருவவேண்டி வந்தபோது, “இதைக் கொஞ்சம் பிடி,” என்று அவனே ஸ்கேலை நீட்டினான்.

உள்ளே, அப்பாவின் வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“வாட்ச்சைக் கழட்டணுமாம். இந்தக் கையால முடியலடா,” என்றார்.

தளபதி கட்டிலருகே மண்டியிட்டான். “வலிக்குதாப்பா?”

“கொஞ்சம் பயமா இருக்கு.”

தளபதி அப்பாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாரை அவிழ்த்தான். பிறகு, அது பதிந்திருந்த தடத்தில் மெதுவாக ஊதினான்.