ஒரு பிடி ஈரம்

டிராக்டர் டிப்பரில் நெல்லோடு நெல்லாக உட்கார்ந்துதான் அந்த இடத்துக்குப் போனேன். நாற்பத்திரண்டு மூட்டை குறுவை நெல். அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டதில், கையில் அள்ளினால் விரலோடு ஒட்டியது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற மெஷினை வைத்துப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "இருபத்தி மூணு காட்டுதும்மா. பதினேழுக்குக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட இங்க மூடிடுவோம்."

அன்றைக்குப் புதன்கிழமை.

ரோட்டோரம் ஓர் அடி இடம் கிடையாது. பூராவும் நெல். குவியலாக இன்னும் இரண்டு நாள் கிடந்தால் முளை விட்டுவிடும். நாலு மாதம் நானும் என் வீட்டுக்காரர் மதிவாணனும் இடுப்பு ஒடியப் பார்த்த வேலை குப்பைக்குப் போகும்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்டுத் தரை மட்டும் சும்மா கிடந்தது. சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற ஸ்கேட்டிங் தரை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கூரைத் தகரத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது. தூண்களும், சுற்றிலும் இடுப்பு உயர இரும்புக் கம்பியும், ஒரே ஒரு கேட்டும், அதையொட்டி ஒரு துண்டுச் சுவரும் மிச்சம். தரை மட்டும் வழவழவென்று அப்படியே இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் நெல் காயப் போட அதைவிட நல்ல தரை கிடையாது.

அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. எட்டு மைல் தள்ளி எங்கள் ஊர். நெல்லைக் கொட்ட இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

இடத்துக்காரர் சஃபியா. அவருடைய அப்பா கலந்தர் கட்டியதுதான் அந்தத் தரை. சாவியைக் கொடுக்கும்போது சஃபியா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாடகையெல்லாம் வேணாங்கக்கா. காயவச்சு எடுத்துட்டு, கூட்டி விட்டுட்டுப் போங்க. காயாரோகணம் அண்ணன் அங்கதான் இருப்பாங்க. அவங்க சொல்றபடி செய்யுங்க."

காயாரோகணம் அறுபதைத் தாண்டிய ஆள். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் குந்தியிருந்தார். தோளில் துண்டு. கழுத்தில் கறுத்துப் போன கயிறு ஒன்று, சட்டைக்குள் போயிருந்தது. நாங்கள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, நெல்லக் காலால துழாவும்போது இடப்பக்கமா சுத்துங்க. அம்பு போட்டிருக்கு பாருங்க, அந்தப் பக்கம்."

தரையில் மஞ்சள் பெயிண்ட் அம்புகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே திசையில், இடம்சுழியாக.

"அது கொள்ளிக்குடம் தூக்கிட்டு சுத்துற பக்கமாச்சே. நெல்லுல போயி யாராச்சும் அப்படிச் சுத்துவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஸ்கேட்டிங்கில அப்படித்தான். கலந்தர் பாய் பத்தொன்பது வருஷம் அரபு நாட்டுல கொத்து வேலை பாத்தவரு. அங்க ஒரு ஸ்கேட்டிங் தரைய இழைச்சு இழைச்சு வழவழப்பாக்கினாராம். ஒரு நாளு சக்கரத்தக் கால்ல மாட்ட விடலயாம். அந்த ஆத்திரத்துல இங்க வந்து கட்டினாரு. ஊரே வந்துச்சு. மாயவரத்துலேருந்து வேன் வச்சிக்கிட்டு வந்தானுங்க. நான்தான் எல்லாருக்கும் வார் கட்டி விடுறது, விசில் ஊதுறது."

"அப்புறம் ஏன் மூடினாங்க?"

அவர் பீடியைத் தேடுகிறவர் போலச் சட்டைப்பையைத் தடவினார்.

நெல்லைப் பரப்பியாயிற்று. காய்கிற நெல்லை அப்படியே விட்டால் மேல் நெல் மட்டும்தான் காயும். வெறுங்காலோடு உள்ளே இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். கால் போன வழியெல்லாம் சால் விழும், அடிநெல் மேலே வரும். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சுற்ற வேண்டும். மனசு ஒன்றும் வேண்டாம். கால் தானாகப் போகும்.

என் கால் வலமாகத்தான் போனது. பிறந்ததிலிருந்து பிள்ளையாரைச் சுற்றி வருகிற கால். அவர் சொன்னது நினைவுக்கு வந்தபோது நாலு சுற்று முடிந்திருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று மேலே நடந்தேன்.

நல்ல வெயில். மதியம் இரண்டு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் தார்ப்பாய் இரவல் கேட்டுப் போயிருந்தார். கேட் சாத்தியிருந்தது. காயாரோகணம் சுவர் நிழலில் கண்ணை மூடியிருந்தார்.

முதலில் வாடைதான் வந்தது. கிரீஸ் வாடை. அதோடு, வெயிலில் சூடான ரப்பர் வாடை.

பிறகு சத்தம். அம்மியில் குழவியை மெல்ல உருட்டுவது போல. எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி.

நான் நின்றேன்.

அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வெயிலும் நெல்லும்தான். நான் போட்ட சால் மட்டும் வளைந்து வளைந்து கிடந்தது. அந்தச் சாலுக்குள் இரண்டு கோடு. மெல்லிசாக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. கோட்டில் கிடந்த நெல்லெல்லாம் உமி பிரிந்து, அரிசி நொறுங்கி, வெள்ளைப் பொடியாகக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "எவனோ பொடியன் சைக்கிள விட்டிருக்கான்."

"கேட் சாத்திக் கிடக்கு. சைக்கிளுக்கு ஒரு கோடுதான் விழும்."

"அப்ப எலி."

"எலி என்ன, வண்டி கட்டிக்கிட்டா வந்துச்சு?"

அவர் சிரிக்கவில்லை. நொறுங்கிய அரிசியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். எங்களுக்கு இருந்த பயம் வேறு. நொறுங்கல் அதிகமாக இருந்தால் ஈரம் சரியாக இருந்தாலும் நெல்லைத் தள்ளிவிடுவார்கள்.

வியாழக்கிழமை மெஷினில் பத்தொன்பது காட்டியது. நொறுங்கல் நேற்றைவிடக் கூடியிருந்தது. நான் சுற்றுகிறபோது பின்னால் சத்தம் சுற்றியது. பத்தடி எட்டடியானது, எட்டடி ஐந்தடியானது. பயப்படக்கூடத் தெம்பு இல்லை. அறுப்பு தொடங்கி ஒன்பது நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை. குதிகால் வெடித்து நெல் சுணை ஏறி எரிந்தது. மழைக்கு முன்னால் நெல் காயவேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கடல் பக்கம் கறுத்துவிட்டது. உச்சிப்பொழுதுக்கு மேல் காற்று நின்றுபோனது. இன்னும் இரண்டு மணி நேர வெயில் கிடைத்தால் பதினேழு. ஆனால் தரையில் பார்த்த இடமெல்லாம் இரட்டைக் கோடு. நான் போகாத இடத்திலும். குறுக்கும் நெடுக்கும் வெள்ளை வெள்ளையாக அரிசி சிதறிக் கிடந்தது.

காயாரோகணத்திடம் போய் நின்றேன். "என்னண்ணே இது? சொல்லுங்க. என் நெல்லு போயிட்டிருக்கு."

அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அபிநயான்னு ஒரு புள்ள. பதினோரு வயசு. அவ அப்பன் கோடியக்கரையில படகுக்குப் போறவன். சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த எடத்துல சக்கரம் ஓட்டணும்னு வந்துச்சு. நான்தான் வார் கட்டி விட்டேன். எந்திரிச்சு நிக்கத் தெரியல. என் துண்டு முனையப் புடிச்சிக்கிச்சு. மாமா, ஒரு சுத்து கூட வாங்கன்னுச்சு. பயத்துல உள்ளங்கையெல்லாம் வேர்வை. துண்டு நனைஞ்சு போச்சு."

"ம்."

"காலையிலேருந்து நான் சாப்புடல. விடு புள்ள, பசிக்குது, கம்பியப் புடிச்சிட்டு ஓட்டுன்னு துண்ட உருவிட்டுப் போயிட்டேன். எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்லல. ஒரு வார்த்தை, தங்கச்சி. அது கோயில்ல சுத்துற மாதிரி வலமா போயிருக்கு. எதுத்தாப்புல பெரிய பசங்க நாலு பேரு கைகோத்துட்டு வந்தானுங்க. என் கையில சோறு. விசில் கழுத்துல தொங்குது. எடுத்து ஊதறதுக்குள்ள புள்ள கம்பியில மோதிப் போய்ச் சேந்துடுச்சு."

தூரத்தில் ஒரு கம்பியைக் காட்டினார். அந்த இடத்தில் மட்டும் கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"யாராவது வலமா போனா பின்னாடியே வருது. இடமா போனா சும்மா ஒதுங்கி நிக்கும். அதான் சொன்னேன். நீங்க கேக்கல."

"இப்ப இடமா சுத்தினா நின்னுடுமா?"

"தெரியல."

இடமாகச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். சுடுகாட்டு நினைப்பைத் தள்ளிவிட்டு, அம்பு காட்டின பக்கம் காலை இழுத்தேன். அரைச் சுற்றுகூடப் போகவில்லை. முகத்துக்கு நேரே சத்தம் வந்தது. வேகமாக வந்தது. கடைசி நொடியில் விலகியது. நெல் இரண்டு பக்கமும் வாரியடித்தது, கன்னத்தில் மணி மணியாகப் பட்டது. விலகின இடத்தில் ஒரு கூடை நெல் மாவாகிக் கிடந்தது.

அது ஒதுங்கி நிற்கிற கட்டமெல்லாம் முடிந்துவிட்டது. மூன்று நாளாக நானே அதைப் பின்னால் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

வானம் ஒருமுறை உறுமியது.

நான் வலமாகத் திரும்பினேன். காலை இழுக்காமல் சாதாரணமாக நடந்தேன். முந்தானையை எடுத்துப் பின்பக்கம் நீளமாகத் தொங்கவிட்டேன்.

ஐந்தடி.

மூன்றடி.

கிரீஸ் வாடை பிடரியில் ஏறியது.

முந்தானை இழுபட்டது.

கனமான இழுப்பு இல்லை. சந்தைக் கூட்டத்தில் என் மகள் பிடித்துக்கொண்டு வருவாளே, அந்த மாதிரி.  நான் நிற்கவில்லை. நின்றால் விழுந்துவிடும் என்று ஏனோ தோன்றியது.

"மெதுவா வா," என்றேன்.

ஒரு முழுச் சுற்று. அது கேட்ட ஒரு சுற்று. வளைந்த கம்பிக்குப் பக்கத்தில் போனபோது பிடி இறுகியது. கழுத்தை அறுக்கிற மாதிரி சேலை இழுத்தது. அந்த இடத்தையும் தாண்டினேன். நேரே கேட்டுக்கு நடந்தேன். கேட்டடியில் தரையை விட்டுக் கொஞ்சம் மேடாக ஒரு இரும்புப் பட்டை இருக்கும். நான் தாண்டினேன். மண்ணில் கால் வைத்தேன்.

எனக்குப் பின்னால் பட்டை மேல் சக்கரம் ஏறி இறங்கியது.

டக்.

டக்.

பிறகு சத்தமே இல்லை. காயாரோகணம் எழுந்து சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்திருந்தார். முனையில் துருப்பிடித்த விசில். அதை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை.

மழை நாலு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் நொறுங்கல் கிடந்த பக்கமெல்லாம் விளக்குமாற்றால் ஒதுக்கி, முறத்தில் புடைத்து, முப்பத்தெட்டு மூட்டை தேற்றிவிட்டோம். பதினேழு காட்டியது. எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டரிலேயே தூங்கிவிட்டார். நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சஃபியாவை மருந்துக்கடையில் பார்த்தேன். ஸ்கேட்டிங் தரையில் இப்போது எல்லாரும் காயப் போடுகிறார்களாம். ஒன்றும் இல்லையாம். "நீங்க என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் என் முந்தானையைப் பார்த்தார். நான் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எந்தச் சேலையைக் கட்டினாலும் முந்தானை முனை ஈரமாக இருக்கிறது. துவைத்து நாள் பூராவும் வெயிலில் போட்டாலும் அந்த ஓர் இடம் காய்வதில்லை. ஒரு சின்னக் கைப்பிடி அளவு. கசங்கி, வேர்வை வாடையோடு.

முதல் வாரம் அழுதேன். அப்புறம் அழுகை அலுத்துப்போனது. சமைக்கணும், மாட்டைப் பார்க்கணும், வேலைக்குப் போகணும். பிடித்துக்கொண்டு வருவது பிடித்துக்கொண்டு வரட்டும்.

இப்போது தாளடி நடவு, குறுவைக்கு அடுத்த பயிர். நடவில் எல்லா வேலையும் பின்னால் நகர்ந்துதான். குனிந்து நாற்றை ஊன்றுவோம், ஓர் அடி பின்னால் வைப்போம். பன்னிரண்டு பேர் வரிசை. நான் மட்டும் அடி வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறேன்.

"என்னடி பிரகதீஸ்வரி, புதுசா கல்யாணம் ஆன பொண்ணாட்டம் தயங்குற? காலு நகராதா?" என்று பக்கத்து வரிசை நாகரத்தினம் கேலி பண்ணுகிறாள். நான் சிரித்து மழுப்புகிறேன். பின்னால் இருப்பது நகர்ந்துகொள்ள அதற்கும் நேரம் வேண்டுமே.

நேற்று கரையேறிக் கால் கழுவும்போது நாகரத்தினம்தான் வயலைப் பார்த்து நின்றாள். மற்றவர்கள் வரிசையிலெல்லாம் சேற்றில் கால்தடம் குழிகுழியாகக் கிடந்தது.

என் வரிசையில் கால்தடமே இல்லை. நட்ட நாற்றுக்கு நடுவே, வரப்பு வரைக்கும், இரண்டு கோடு.