எல்வானின் பின்னல்

பத்தாம் நாள் ஜெவ்தெத்தின் தலையைக் கழுவித் துடைத்த துவாலையில் ஒரு முடி ஒட்டியிருந்தது. விரல் நீளம், லேசான செம்பட்டை. ஷுக்ரான் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முடி கறுப்பு. கணவனுக்கோ தலையை மழித்துப் புதுமுடி நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. அந்த வீட்டில் செம்பட்டை முடி ஒருத்திக்குத்தான் இருந்தது. அவளைப் புதைத்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

மகள் எல்வானுக்கு அப்போது ஒன்பது வயது. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பின்னலை வெட்டி இவர்கள் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள். அந்த வருஷமே ஜெவ்தெத்தின் முடி வட்டவட்டமாகக் கொட்டியது. படகுத்துறையில் கயிறு கட்டுகிற திடகாத்திரமான மனிதன், கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே தூங்க ஆரம்பித்தான்.

பெரிய மருத்துவமனையின் வயதான மருத்துவர் அவன் தலையை விளக்கடியில் பார்த்துவிட்டுக் காசே வாங்கவில்லை.

"இது கொட்டுற நோய், தம்பி. அடங்குறவரைக்கும் யாரும் உனக்கு முடி நடக்கூடாது. எங்க போனாலும் ஒண்ணு கேளு, கத்தி பிடிக்கப்போறது டாக்டரா, வேற ஆளான்னு. டாக்டரைக் கண்ணால பாக்காம படுக்காத."

ஷுக்ரானுக்கு அது காதில் ஏறவில்லை. இஸ்தான்புல்லில் தெருவுக்கு நாலு பேர் முடி நட்டுத் தலையில் கட்டோடு திரிகிறார்கள், இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்று இருந்தாள். ஃபாத்திஹ் பகுதியில், கல்யாண உடுப்புக் கடைக்கு மேல்மாடியில் முடி நடுகிற இடத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எண்பதாயிரம் லிரா என்றார்கள். கம்பளக் கடையில் செய்வதுபோல எழுந்து வாசல்வரை நடந்தாள். "உக்காருங்கக்கா, டீ ஆறுது" என்று கூப்பிட்டு முப்பத்தைந்தாயிரத்துக்கு இறங்கினார்கள். குறைத்த காசுக்கு எதைக் குறைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. கதவில் ஒரு டாக்டர் பெயர் இருந்தது, டாக்டர் இல்லை. அடிமாட்டு விலைக்கு முடித்த பெருமையில் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

துவாலையோடு அறைக்குள் போனாள். நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"இது என்ன, ஜெவ்தெத்?"

அவன் அலமாரியைப் பார்த்தான். அவள் போய்த் திறந்தாள். உள்ளே எல்வானின் பின்னலை வைத்திருந்த பிஸ்கட் டப்பா. பின்னல் இல்லை. அதன் மஞ்சள் ரிப்பன் மட்டும் கிடந்தது.

"நடுறதுக்கு எம்முடி பத்தலைன்னாங்க. இதை நடுவீங்களான்னு கேட்டேன். மேல ரெண்டாயிரம் குடு, எதையும் நடுறோம்னு சின்னதா நறுக்கி நட்டாங்க."

"வேரே இல்லாத முடிடா அது. எப்படி நிக்கும்?"

"டப்பாவுல கிடந்து என்ன பண்ணப்போகுது, ஷுக்ரான்? எம்மேல இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

திட்டத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கடுத்த நாள் நட்ட இடமெல்லாம் கறுத்து, சீழ் கோத்தது. ஆனால் முடி கொட்டவில்லை. மதியத்தில், தேநீர்க் கெண்டி கொதிக்கிற சத்தத்துக்கும் கீழே கடற்காகங்கள் கத்துகிற சத்தத்துக்கும் நடுவே, காய்ந்த புல் துணியில் உரசுவதுபோல ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. மருந்து நெடிக்கும் புண் நாற்றத்துக்கும் அடியில், எல்வானுக்கு வாங்கிய ஆப்பிள் ஷாம்பு வாசம் மெல்ல மெல்ல அறையை நிறைத்தது. காலையில் காதைத் தொட்ட முடி, சாயங்காலம் தோளைத் தொட்டது.

காய்ச்சல் கண்ட நான்காம் நாள் அது நாற்காலிக் கைப்பிடியைத் தாண்டித் தொங்கியது. பளபளவென்று. அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. மூச்சு இழுத்தது.

ஷுக்ரான் 112-க்கு அடித்தாள். மணி போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ் வந்தால் முதல் வேலையாகத் தலையை மழிப்பார்கள்.

"சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

அவள் கணவனைப் பார்த்தாள். முடியைப் பார்த்தாள். இரண்டாம் தடவை வெட்டக் கொடுக்க அவளால் முடியாது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"ஒண்ணுமில்லங்க. தெரியாம கை பட்டுடுச்சு."

சீப்பை எடுத்தாள். அவன் பின்னால் உட்கார்ந்தாள். நுனியில் சிக்கு. இழுத்தாள்.

"மெதுவா, அம்மா."

ஜெவ்தெத்தின் கரகரத்த குரல்தான். வாயும் அவன் வாய்தான். தலை சீவும்போது எல்வான் தினமும் சொன்ன சொல்.

"மெதுவாத்தான்டி சீவுறேன், கண்ணு."

கண்ணீர் வழிய வழிய மூன்றாகப் பிரித்தாள். பின்னினாள். மூச்சிழுப்பு நின்றது. அவள் நிறுத்தவில்லை. மஞ்சள் ரிப்பனைக் கட்டினாள். அவன் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

முடிச்சுக்குக் கீழே, அவள் மடியில், முடி மட்டும் சூடாக இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அவள் ரிப்பனை அவிழ்த்து, மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.